இழப்பாறு வேண்டாம், ஊட்டாறு என்போம்

> லூசிங் ஸ்ட்ரீம் – இழப்பாறு, கெயினிங் ஸ்ட்ரீம் – பெறுவாறு. இப்படி வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

ஆற்று நீர் நிலத்துக்குள் இறங்கினால் அது லூசிங் ஸ்ட்ரீம்; நிலத்தடி நீர் ஆற்றில் சேர்ந்தால் கெயினிங் ஸ்ட்ரீம். இவற்றுக்கு நீங்கள் சொன்ன இரண்டு தமிழ்ச் சொற்களையும் ஏற்க மனம் வரவில்லை. வேலூர்க்காரன் என்பதால் பாலாற்றை வைத்தே சொல்கிறேன்.

நந்தி மலையில் பிறந்து, கர்நாடகமும் ஆந்திரமும் கடந்து, புல்லூரில் தமிழகத்துக்குள் நுழைகிறது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று 222 கிலோமீட்டர் வந்து வயலூரில் கடல் சேர்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்த தண்ணீரில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கியது. நிலத்தடி நீர்மட்டம் ஆற்று நீரைவிடத் தாழ்ந்திருந்தால் அப்படித்தான் இறங்கும். இறங்கியது கரையோரக் கிணறுகளில் ஏறுகிறது. அதை இழப்பு என்று எப்படிச் சொல்வது? படுகையில் முழங்கை ஆழம் தோண்டினால் முதலில் கலங்கலாக ஊறும். இறைத்துவிட்டால் அடுத்து ஊறுவது பளிங்கு. நம் முன்னோர் இந்த நீரை நம்பித்தான் படுகையிலேயே ஊற்றுக்கால் (ஊற்று நீர் ஓடும் வாய்க்கால்) வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். "ஊற்றுப் பெருக்கால் உலகூட்டும்" என்று ஔவையாரும் நல்வழியில் 'ஊட்டு' என்ற வினைச்சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆகவே, லூசிங் ஸ்ட்ரீமுக்கு ஊட்டாறு.

மலையில் கதை வேறு. ஜவ்வாது மலை அமிர்திப் பக்கம் மழை விட்ட பிறகும் பாறை இடுக்குகளில் நீர் கசிந்து ஓடையில் சேர்ந்துகொண்டே இருக்கும். அங்கே நிலம் கொடுக்கிறது, ஓடை வாங்கிக்கொள்கிறது. இதற்கு ஊற்றாறு போதும். பெறுவாறு என்று எழுதினால் "பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்கிற கடிதம்தான் நினைவுக்கு வரும். ஊற்றாறும் ஊட்டாறும் ஒன்றுபோல் ஒலிக்குமே என்று கேட்கலாம். எங்கள் பக்கம் ஊற்றை ஊத்து என்றுதான் சொல்வோம், காதில் குழப்பம் வராது.

ஒன்றை மட்டும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்: இவை ஆற்றின் நிலையான பெயர்கள் அல்ல. அமிர்தியில் ஊற்றாறாக இருக்கும் நாகநதி, அடிவாரம் தாண்டி மணல் விரிந்ததும் ஊட்டாறாகலாம். வெள்ளம் வடிந்த பின் கரையில் தேங்கிய நீர் ஆற்றுக்கே திரும்பும்போது ஊட்டாறும் ஊற்றாறாகிவிடும்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. மணலை அள்ளி, ஆழ்துளைக் கிணறுகளால் உறிஞ்சி, நீர்மட்டம் படுகையைத் தொட முடியாத ஆழத்துக்குப் போய்விட்ட ஆறு. டிஸ்கனெக்டட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். தொடர்பறு ஆறு என்பது நாவில் தடுக்குகிறது. நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். பாலாற்றுக்கு இன்று அதிகம் தேவைப்படும் சொல் அதுதான்.