மறு: கிரெடென்ஷியலுக்குத் தமிழ்ச்சொல் – ஸ்டோருக்கு மட்டும் 'பெட்டகம்' வேண்டாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க,

கிட் (நிரல்ல செய்யற மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கற மென்பொருள்) கையேட்டுல மத்த பாடமெல்லாம் முடிஞ்சு கிரெடென்ஷியல் (சர்வர் நம்மை உள்ள விட நாம காட்ட வேண்டிய விவரம்) பாடம் மட்டும்தான் சொல்லு முடிவாகாம நிக்குது. இழையில வந்த மடல் எல்லாத்தையும் படிச்சேன், நல்ல நல்ல யோசனையா வந்திருக்குது. ஒவ்வொண்ணா பதில் எழுதறேன், கடைசியா ஒரு விஷயத்துல மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

> கிரெடென்ஷியல் = நற்சான்றிதழ். ஏற்கனவே நிறைய இடத்துல இருக்கு, அதையே வச்சுக்கலாம்.

இல்லீங்கய்யா. ஓமலூர்ல இருந்து வர்ற பாலிடெக்னிக் பையன்கிட்ட நற்சான்றிதழ்னு சொன்னா ஹெட்மாஸ்டர் கையெழுத்து போட்டுக் குடுக்கற காண்டக்ட் சர்டிபிகேட்தான் அவனுக்கு ஞாபகம் வரும். சரி அது போகப்போக பழகிடும்னே வச்சுக்குவோம், கிட்டுக்குள்ளயே இது இடிக்குதுங்களே. எச்டிடிபிஎஸ் வழியா போறப்ப சர்வர் உண்மையானதுதான்னு காட்டற எஸ்எஸ்எல் சர்டிபிகேட் சரியில்லன்னா ஒரு பிழை வரும், அந்த சர்டிபிகேட்டுக்கு நாம சான்றிதழ்னு போட்டு ரொம்ப நாளாச்சு. நம்ம டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலா குடுக்கற நீளமான குறியீடு) காலாவதி ஆனாலும் சான்றிதழ், சர்வர் பக்கம் காலாவதி ஆனாலும் சான்றிதழ்னா படிக்கறவங்க எதைப் போய் சரி பண்றது?

> அடையாளச் சான்று / அடையாள விவரம்

இதுக்கும் எனக்கு மனசு ஒப்பல. கிட்ல அடையாளம்ங்கறது வேற ஒரு பொருள். யூசர்.நேம், யூசர்.ஈமெயில்னு கான்ஃபிக்ல (கிட்டோட அமைப்புல) குடுக்கறோமே, கமிட்ல (மாத்தத்தைப் பதியற பதிவுல) ஆசிரியர் பேரா பதியறது அதுதான். அதை குடுக்காம கமிட் பண்ணப் போனா 'நீங்க யாருன்னு சொல்லுங்க'ன்னு கிட்டே கேட்கும். அந்தப் பேரை கிட் எங்கயும் சரிபார்க்கறதில்ல, யார் பேரை வேணும்னாலும் போட்டுக்கலாம். புஷ் பண்றப்ப, அதாவது நம்ம பதிவை சர்வருக்கு அனுப்பறப்ப, சர்வர் கேட்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. புதுசா வர்றவங்க குழம்பற முதல் இடமே இதுதாங்க, கான்ஃபிக்ல பேரை மாத்திட்டு 'இப்ப என் அக்கவுண்ட்ல போகும்ல'ன்னு நம்பிக்கையா புஷ் அடிப்பாங்க. அதனால அடையாளம்ங்கற சொல்லை யூசர்.நேமுக்கே விட்டுடலாம்.

> கடவுச்சொல்னே சொல்லிட்டா என்ன? எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு.

தெரிஞ்ச சொல்லுதான், ஆனா நாம புஷ் பண்ற கிட்ஹப் தளம் 2021 ஆகஸ்ட் 13ல இருந்து கிட் வேலைகளுக்கு அக்கவுண்ட் பாஸ்வேர்டை ஏத்துக்கறதில்ல. டெர்மினல் இன்னும் பாஸ்வேர்டுன்னுதான் கேட்குது, அந்த இடத்துல போட வேண்டியது பர்சனல் ஆக்சஸ் டோக்கன். நாமளும் கடவுச்சொல்னே எழுதினா அந்தக் குழப்பத்தை தமிழ்லயும் கொண்டு வந்து நட்டு வச்ச மாதிரி ஆயிடும்.

என்னோட ஓட்டு 'கடவு விவரம்'ங்கறதுக்கு. கடவுச்சொல், கடவுச்சீட்டுன்னு குடும்பம் ஏற்கனவே இருக்குது, நம்ம பக்கம் வேலியில படல் வச்சு சாத்தற நுழைவழியை கடவுன்னுதான் சொல்றோம், கிணத்துக்கடவுன்னு ஊரே இருக்குது. விவரம்னு ஏன் சொல்றேன்னா கிட் தன்னோட உதவி நிரலுக்கு (ஹெல்பர், கிரெடென்ஷியலை எடுத்து வச்சுக் குடுக்கறது) அனுப்பறதைப் பாருங்க: புரோட்டோகால், ஹோஸ்ட் (சர்வர் பேரு), யூசர்நேம், பாஸ்வேர்டுன்னு வரிவரியா போகும். இது நாலும் சேர்ந்த மொத்தம்தான் கிரெடென்ஷியல், ஒத்தைச் சொல்லோ ஒத்தைச் சீட்டோ இல்ல.

டோக்கனுக்கு அக்கா ஒருத்தங்க 'அணுகல் வில்லை'ன்னு போட்டிருந்தாங்க. எழுத்துல அழகா இருக்குதுங்கக்கா. ஆனா வகுப்புல வாய்விட்டு படிச்சுக் காட்டினேன், பின்வரிசையில இருந்தவங்க காதுல 'அணுகல் இல்லை'ன்னுதான் விழுந்துச்சு, அது அப்படியே நேர் எதிர்ப் பொருள். பேங்க்லயும் ஜிஎச்லயும் ரேஷன் கடையிலயும் டோக்கன்னுதான் வாங்கறோம், டோக்கனாவே இருக்கட்டும். ஹெல்பருக்கு வந்த 'கடவுத்துணை'யும் வேண்டாம், கண்ணு அதை 'கடவுள் துணை'ன்னுதான் படிக்கும். கடவு உதவின்னு வச்சுக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம்.

> கிரெடென்ஷியல் ஸ்டோர் = கடவுப் பெட்டகம்

இதை மட்டும் தயவுசெஞ்சு போட்டுடாதீங்க. கிட் 1.7.9ல, 2012 ஜனவரியில, இந்த ஹெல்பர் ஏற்பாடு வந்தப்ப இருந்தே கேஷ், ஸ்டோர்னு ரெண்டு இருக்குது. கேஷ்ங்கறது நினைவகத்துல மட்டும் வச்சுக்கும், நாம எதுவும் மாத்தலைன்னா 900 நொடி, அதாவது கால் மணி நேரம், அப்புறம் மறந்துடும். ஸ்டோர்ங்கறது ஹோம் ஃபோல்டர்ல '.கிட்-கிரெடென்ஷியல்ஸ்'னு ஒரு கோப்பு போட்டு அதுல எச்டிடிபிஎஸ், யூசர்நேம், டோக்கன், ஹோஸ்ட் எல்லாத்தையும் ஒரே வரியா எழுதி வச்சுடும். குறியாக்கம் (மத்தவங்க படிக்க முடியாதபடி மாத்தி எழுதறது) எதுவும் கிடையாது. அதே கணினியில வேற யூசரா வர்றவங்க திறக்க முடியாதபடி கோப்பு அனுமதி மட்டும்தான் காவல். காலாவதியும் கிடையாது. கோப்பைத் திரையில காட்டற 'கேட்' (cat) கட்டளை அடிச்சா டோக்கன் முழுசா திரையில நிக்கும்.

இங்க சேலத்துல ஒரு காலேஜ் லேப்ல பார்த்ததைச் சொல்றேன், காலேஜ் பேரு வேண்டாம். லேப்ல எல்லா மெஷின்லயும் ஒரே யூசர் லாகின், பேரு 'ஸ்டூடன்ட்'. காலையில வந்த பேட்ச்ல ஒரு பொண்ணு ஏதோ வீடியோ பார்த்து ஹெல்பரை ஸ்டோர்னு குளோபலா போட்டுட்டு புஷ் பண்ணிட்டு கிளம்பிடுச்சு. மதியம் அதே மெஷின்ல உட்கார்ந்த வாழப்பாடி பையன் தன்னோட ரெப்போவுக்கு (நிரல் வச்சிருக்கற களஞ்சியம்) புஷ் அடிச்சா பாஸ்வேர்டே கேட்கல, நேரா 403ங்கற பிழை, 'பர்மிஷன் ... டினைடு டு'ன்னு போட்டு பக்கத்துல அந்தப் பொண்ணோட யூசர்நேம். அவன் பயந்துட்டான், தான் எதையோ ஹேக் பண்ணிட்டதா நினைச்சு. நான் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினேன், ஒரே ஒரு வரி, அதுக்குள்ள அந்தப் பொண்ணோட டோக்கன் அப்படியே. அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணி டோக்கனை கிட்ஹப்ல ரத்து பண்ணச் சொல்லி, கோப்பை அழிச்சுட்டுதான் வகுப்பைத் தொடர்ந்தோம். கோப்பு அனுமதி காப்பாத்தும்னு சொன்னேனே, எல்லாரும் ஒரே யூசரா இருக்கற லேப்ல அந்தக் காவலும் இல்ல. இந்த இடத்துக்கு நாம பெட்டகம்னு பேர் வச்சா, பத்திரமா இருக்குதுன்னு நாமளே வாக்கு குடுத்த மாதிரிங்க.

செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறையில வேலை செய்யற வீட்டுப் புள்ளைங்க இந்த வகுப்புக்கு வர்றாங்க, அவங்ககிட்ட கொலுசை மேசை இழுப்பறையில போடறதும் இரும்புப் பெட்டியில வச்சு பூட்டறதும் ஒண்ணான்னு கேட்டா சிரிப்பாங்க. ஸ்டோர் அந்த இழுப்பறை. பூட்டற இடம் வேற இருக்குது: விண்டோஸ்ல கிரெடென்ஷியல் மேனேஜர், மேக்ல கீசெயின், லினக்ஸ்ல லிப்சீக்ரெட் வழியா க்னோம் கீரிங். இதெல்லாம் குறியாக்கம் பண்ணி, நாம லாகின் பண்ணாத்தான் திறக்கும். பெட்டகம்ங்கற சொல்லு இந்த மூணுக்கும்தான் சேரணும்.

அதனால நான் கேட்கறது இதுதான். கேஷுக்கு 'நினைவு வைப்பு', ஸ்டோருக்கு 'பூட்டாக் கோப்பு', கீசெயின் வகைக்கு 'பெட்டகம்'. பூட்டாக் கோப்புன்னா கேட்கறதுக்கு கரடுமுரடாதான் இருக்குது, ஒத்துக்கறேன். ஆனா அதை டைப் பண்ற ஒவ்வொரு தடவையும் பூட்டலைங்கறது கண்ணுல படும், ஆங்கிலச் சொல்லுல கூட இல்லாத எச்சரிக்கை அது. கலைச்சொல்னா மூலச் சொல்லை எட்டிப் பிடிக்கணும்னு மட்டும் நாம ஏன் நினைக்கணும், பொருளைப் பார்த்து வைக்கறதுல தப்பே இல்ல.

இதுல இன்னொரு வசதியும் இருக்குது. கிட்ல ஸ்டோர்ங்கற சொல்லு ரெண்டு இடத்துல வருது, ஒண்ணு இந்த ஹெல்பரோட பேரு, இன்னொண்ணு எந்த ஹெல்பரா இருந்தாலும் கிட் அதுக்குச் சொல்ற வேலை. கெட், ஸ்டோர், எரேஸ்னு மூணு வேலை. இதுக்கு எடு, வை, அழின்னு போட்டுட்டா போதும், ரெண்டு ஸ்டோரும் தனித்தனியா பிரிஞ்சுடும்.

அழிங்கறதுக்கு கையேட்டுல ஒரு குறிப்பு சேர்க்கணும். ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி, சிக்னல் விட்டுவிட்டு வர்றதால புஷ் பாதியில நின்னா டோக்கன் அழிஞ்சு போகுமான்னு கேட்டிருந்தாரு. போகாதுங்க தம்பி. கடவு விவரம் தப்புன்னு சர்வரே 401 சொன்னாத்தான் கிட் ஹெல்பரை அழிக்கச் சொல்லும். லைன் அறுந்தா அப்படியேதான் இருக்கும். லேப்ல வந்த 403க்கும் அழியாது, ஆளு சரிதான் ஆனா இந்த ரெப்போவுக்கு உரிமை இல்லைங்கறதுதான் 403, அதனாலதான் அந்தப் பையன் எத்தனை தடவை அடிச்சாலும் அதே பேரு வந்துச்சு. ஒரே ஹோஸ்ட்ல ரெண்டு அக்கவுண்ட் வச்சிருக்கறவங்களுக்கும் இதே தொல்லை வரும், யூஸ்எச்டிடிபிபாத்ங்கற அமைப்பை ட்ரூன்னு மாத்தினா ரெப்போ பாதையையும் சேர்த்துப் பார்த்து எடுக்கும்.

எஸ்எஸ்எச் (டோக்கனுக்குப் பதிலா சாவிக் கோப்பு வச்சு சர்வருக்குப் போற வழி) பக்கம் நான் இன்னும் கை வைக்கல. அந்தச் சாவியைத் திறக்கற பாஸ்பிரேஸுக்கு கடவுத்தொடர்னு ஒருத்தர் சொன்னது எனக்குப் பிடிச்சிருக்குது, சாவியை நினைவகத்துல வச்சிருக்கற எஸ்எஸ்எச்-ஏஜென்ட்டுக்கு முகவர்னு போட்டா எல்ஐசி ஏஜென்ட் ஞாபகம் வருதுன்னு ரெண்டு பேரு எழுதியிருந்தீங்க, அதுக்கு வேற சொல்லு இருந்தா அனுப்புங்க. மத்ததுக்கு மறுப்பு இருந்தாலும் இந்த இழையிலயே எழுதுங்க, ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு முந்தி வரைவைத் திருத்தி பிரிண்ட் எடுக்கணும்.