மீஞ்சூர் உப்புத் தண்ணியில நவரை நெல்: சால்டால் ரகமும் பாக்டீரியாவும் போதுமா?

மீஞ்சூர் வயல்
போர் தண்ணி ஈ.சி. (உப்பைக் காட்டுற மின்கடத்தும் அளவு) 3.4. மண் ரிப்போர்ட்ல ஈ.சி. 2.1, பி.எச். 7.9. சால்டால்ங்கிற உப்பு தாங்கும் மரபணுப் பகுதி சேர்த்த ரகம் போட்டு, அசோஸ்பைரில்லம்ங்கிற உயிர் உர பாக்டீரியாவும் கொடுத்தா நவரையை (மார்கழி, தை வாக்குல தொடங்குற நெல் பருவம்) கரை சேர்த்துடலாமா? என்னென்ன பாக்டீரியா இருக்குன்னு பார்க்க மண்ணை டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பலாமா? கடையில ஜிப்சம் போடச் சொல்றாங்க.

நெல் மரபியல்
மண் 2.1-ங்கிறதைப் பார்த்துத் தைரியமாகிடாதீங்க. 1:2 கரைசல்ல (ஒரு பங்கு மண், ரெண்டு பங்கு தண்ணி) எடுத்திருந்தா, நிறைவுக் கரைசல்ல (மண் சேறாகுற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு வடிச்சது) அளவு இன்னும் கூடும். நெல் தாங்கும் எல்லைன்னு சொல்ற 3, நிறைவுக் கரைசல் கணக்கு.

சால்டால், கேரளத்து பொக்காலி நெல்லோட 1-ஆம் குரோமோசோம்ல இருந்து வந்த பகுதி. அதுல இருக்கிற ஒரு மரபணு, வேர்ல ஏறுற சோடியத்தை இலைக்குப் போகாம இழுத்து வெச்சுக்குது. ஆனா இது முக்கியமா நாத்துப் பருவத்துக்குத்தான். பூக்கும்போது தாங்குற குணம் வேற மரபணுக்கள் கையில. பயிர் பச்சையா நின்னு, கதிர்ல பதரா போறது இதனாலதான். கிடைக்கிற நல்ல தண்ணியை நாத்தங்காலுக்கும், கதிர் உருவாகி பூக்கிற வரைக்கும் ஒதுக்குங்க.

வேர் நுண்ணுயிர்
உப்புல வேர் எத்திலீன்ங்கிற ஹார்மோன் வாயுவைக் கூட்டி வளர்ச்சியை நிறுத்திடும். ஏ.சி.சி. டிஅமினேஸ் நொதி உள்ள பாக்டீரியா, எத்திலீன் ஆகுறதுக்கு முன்னாடியே மூலப்பொருளைத் தின்னுடும். அசோஸ்பைரில்லத்துல சில வகைக்குத்தான் அந்த நொதி இருக்கு. இருந்தாலும் மண்ணுல உப்பு குறையாது.

40 லிட்டர் தண்ணிக்கு 1 கிலோ அசோஸ்பைரில்லம் கரைச்சு, நாத்து வேரை 15–30 நிமிஷம் நனைங்க. இது ரெண்டரை ஏக்கருக்கு. கரைக்கப் போர் தண்ணி வேண்டாம். மெட்ரோ தண்ணின்னா குளோரின் போக ஒரு ராத்திரி திறந்து வையுங்க. பூஞ்சாணக்கொல்லியோட கலந்தா பாக்டீரியா செத்துடும்.

டி.என்.ஏ. பரிசோதனைக் காசை மிச்சம் பிடிங்க. 16எஸ் முறை (பாக்டீரியாவோட ஒரு மரபணுவைப் படிச்சு இனம் காணுற பரிசோதனை), யார் இருக்காங்கன்னு சொல்லுமே தவிர என்ன வேலை செய்றாங்கன்னு சொல்லாது. செத்த செல்லோட டி.என்.ஏ.வும் கணக்குல ஏறும். வேரோட அரைச்சா நெல்லோட சொந்த டி.என்.ஏ.வே நிறைய வந்துடும். அதுக்குப் பதிலா வரப்பு கட்டி ஒரு பாத்தியை பாக்டீரியா கொடுக்காம விடுங்க, அதே நாத்து, அதே தண்ணி. ரெண்டுலயும் பதரை எண்ணினா விடை தெரியும்.

மண்ணும் நீரும்
ஜிப்சம் வேண்டாம். பி.எச். 8.5-க்கு மேல போன களர் (சோடியம் மிகுந்த) மண்ணுக்குத்தான் அது. உங்களது உவர் (உப்பு மிகுந்த) மண், கடல் தண்ணி நிலத்தடியில உள்ளே வந்த பகுதி அது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி, உழுது கலக்கி, வடிகால்ல வெளியேத்துங்க. வயல்லயே வத்த விட்டா உப்பு மறுபடி மேல ஏறிடும். வடிச்ச தண்ணியோட ஈ.சி. போர் தண்ணியை விட நல்லா கீழ இறங்குற வரைக்கும் இதைத் திரும்பச் செய்யணும், நடவு அப்புறம்.