கொடைக்கானல் மேட்டுக்காடு குடும்பக் குழு: சிவராத்திரிக்கு முந்தின வாரம்

மாசி முதல் வாரம், வெள்ளிக்கிழமை

மதினி: 📷 பள்ளக்காட்டுப் பட்டாணி. விடியும் முன்னால் எடுத்தேன். புல் எல்லாம் உப்பைத் தூவியதுபோல வெள்ளையாகக் கிடக்கிறது.

அண்ணன்: ஓடையை ஒட்டிய பாத்திகள் கருகிவிட்டன. பூவும் பிஞ்சுமாக இருந்த செடி. மேட்டுக்காட்டில் ஒரு இலைகூட வாடவில்லை.

அக்கா: மாசி பிறந்த பிறகுமா உறைபனி? இங்கே திருப்பூரில் மத்தியானம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை.

பாப்பா: பெரியத்தை, அப்பத்தா பேசுகிறது, நான் எழுதுகிறேன். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும். சிவராத்திரி வந்தால்தான் சிவசிவா என்று போகும். அதுவரைக்கும் யாரும் போர்வையை மடித்து வைக்காதீர்கள்."

தம்பி: அம்மா சொல்வது சரி. பகல் வெயில் ஏறுவதை வைத்துப் பனி போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. இப்போது மேகமே இல்லை, காற்றும் இல்லை. பகலில் வாங்கிய சூட்டை மண் ராத்திரி முழுக்க மேலே விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஒரே நிலத்தில் பள்ளக்காடு கருகியது, மேட்டுக்காடு தப்பியது. நெஞ்சளவு உயரத்தில் 3 அல்லது 4 டிகிரி காட்டினாலும் புல் மட்டத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

அண்ணன்: மீதிப் பாத்திகளுக்கு இன்று சாயங்காலம் தண்ணீர் விடுகிறேன். ஈர மண் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும்.

தம்பி: ஆமாம் அண்ணே. விடியற்காலையில் வெயில் படுவதற்கு முன்னால் ஸ்பிரிங்ளரையும் ஓட்டு. இலைமேல் இருக்கிற பனி மெதுவாகக் கரைந்தால் பாதிச் செடி பிழைக்கும். உறைந்த இலையில் நேராக வெயில் அடிக்கும்போதுதான் மோசமாகக் கருகுகிறது.

மதினி: புகை போடலாமா? மாமா காலத்தில் பாத்தி ஓரம் சருகைக் கொளுத்துவார்களாம்.

அண்ணன்: வேண்டாம். மேலே புல்வெளி முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. ஒரு பொறி பறந்தால் காடு போய்விடும். பங்குனி முடியும்வரை வெளியே நெருப்பே வேண்டாம், வேலிச் சருகைக்கூடக் கொளுத்தாதே.

நான்: அம்மா முட்டி வலி எப்படி இருக்கிறது? பனி போகும்வரை வத்தலக்குண்டுக்கு வந்து இருக்கச் சொல்லுங்கள். இங்கே வெதுவெதுப்பாக இருக்கிறது. அம்மாவின் மருமகனே வந்து கூட்டிக்கொண்டு வருவார்.

பாப்பா: "மாட்டுக்கு மடி இறங்கிவிட்டது. வால் அடியில் குழி விழுந்திருக்கிறது. கன்று போடுகிற இந்த நேரத்தில் நான் எங்கே வருவேன்? முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவுகிறாள் உன் மதினி. நீங்கள் எல்லாரும் சிவராத்திரிக்குச் சாமி கும்பிட மேலே வாருங்கள், அது போதும்."

மதினி: பாப்பா, அப்பத்தா சொன்னதை எழுதியாச்சு இல்லையா? போனை வைத்துவிட்டு அறிவியலைப் படி. மார்ச்சில் பொதுத்தேர்வு.

பாப்பா: சரிம்மா.

சனிக்கிழமை

அண்ணன்: எல்லாரும் பார்க்க வேண்டிய விஷயம். பூண்டு பறிக்கிற பக்குவத்துக்கு வந்துவிட்டது. அடி இலை மஞ்சளாகிக் காய்கிறது, கழுத்துப் பக்கம் துவள்கிறது. போன வாரமே தண்ணீரை நிறுத்திவிட்டேன். காலையில் ஒரு வியாபாரி வந்து காட்டோடு மொத்தமாகக் கேட்கிறார். அவர் ஆளே பறித்துக்கொள்வார்களாம், பணம் கையில். விலை நல்ல விலைதான்.

அக்கா: கொடுத்துவிடலாமே அண்ணே. பறிக்க, காயவைக்க, கட்ட என்று எவ்வளவு கூலி ஆகிறது. மதினி இடுப்பு ஒடிகிறது.

பாப்பா: அப்பத்தா "மொத்தமாக" என்று கேட்டதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டது. "விதை?" என்று கேட்கிறது.

அண்ணன்: விதையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் யோசித்தேன் அம்மா. உருளைக்கு விதைக்கிழங்கு வாங்கப் பணம் வேண்டும்.

பாப்பா: "வாங்குகிற விதையில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பூண்டு உன் அப்பத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் விளைகிறது. அந்தக் காரமும் வாசமும் விதையில் இருக்கிறது, இந்தக் குளிரில் இருக்கிறது. விதையை விற்றுத் தின்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. வயிற்றுக்குக் குறைந்தாலும் பரணில் விதைப் பூண்டு தொங்க வேண்டும்."

தம்பி: நான் அம்மா பக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே இந்த விதைக்கும் குளிருக்கும்தான். கீழே விளைகிற பூண்டையும் மலைப்பூண்டு என்று சொல்லி விற்கிற காலம் இது. நம் விதை நம் கையை விட்டுப் போனால் நாளைக்கு நம் காட்டிலேயே என்ன விளைகிறது என்று நமக்குத் தெரியாமல் போகும். ஏக்கருக்கு 200 கிலோவுக்குக் குறையாமல் விதை வேண்டும். ஆனியில் வாங்கப் போனால் இப்போது வியாபாரி தருகிற விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டி வரலாம்.

நான்: எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அண்ணன் கஷ்டமும் நியாயம். விதைக்கு நல்லதை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பறித்துக் காயவைத்து வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பலாமே. நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம். லோடு இறங்கும்போது உங்கள் மச்சான் போய் எடை போடும்போது நிற்பார். விதைக்கிழங்குக்கு உடனே பணம் வேண்டுமென்றால் நாங்கள் தருகிறோம், சந்தைப் பணம் வந்ததும் கொடு.

அண்ணன்: இதை நீ சொல்வாய் என்று உன் மதினி ராத்திரியே சொன்னாள்.

மதினி: இடுப்பு ஒடிந்தாலும் பரவாயில்லை, காட்டோடு கொடுக்க எனக்கும் மனசு இல்லை. ஐப்பசி மழையில் நின்று ஒவ்வொரு பல்லாக ஊன்றினது இந்தக் கை. பறிக்கும்போதும் இந்தக் கைதான் பறிக்க வேண்டும்.

அக்கா: சரி, அப்படியென்றால் நான் சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வருகிறேன். பறிக்கத் தெரியாவிட்டாலும் கட்டத் தெரியும்.

தம்பி: அண்ணே, உருளையைப் பற்றி இன்னொன்று. பள்ளக்காட்டில் போடாதே. போன தடவையும் அங்கே உருளைதான் போட்டோம். முட்டைக்கூடு நூற்புழு மண்ணில் வருஷக்கணக்காகக் கூட்டுக்குள் உயிரோடு இருக்கும், உருளை வேர் வந்ததும் பொரிக்கும். பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் போட்டால் அதற்குத் தீனி இல்லை. இப்போது பூண்டு பறிக்கிற மேட்டுக்காட்டில் உருளை, பள்ளத்தில் கேரட் என்று மாற்று. பனிக்கும் அது நல்லது. கிடைத்தால் குஃப்ரி சுவர்ணா விதை கேட்டுப் பார். ஊட்டி முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம், இந்தப் புழுவைத் தாங்கும்.

அண்ணன்: சரிடா. பெரியகுளம் தோட்டக்கலைக் காலேஜில் கட்டின பீஸ் வீண் போகவில்லை. வியாபாரியிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

சித்தி தாண்டிக்குடி: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. இங்கே காப்பிப் பழம் எடுத்து முடித்தாச்சு. களத்தில் மிளகு காய்கிறது. இனி பூ மழைக்காக வானத்தைப் பார்க்கிறோம். ஒரு நல்ல மழை இறங்கினால் பத்து நாளைக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அரைகுறையாகத் தூறினால்தான் பயம், மொட்டு பாதியில் நின்றுவிடும். சிவராத்திரிக்கு மிளகும் மலைவாழைப்பழமும் கொண்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

மதினி: எல்லாரும் தூங்கியிருப்பீர்கள். மாட்டுக்கு வலி கண்டிருக்கிறது. அத்தை தொழுவத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வெளியே கடுங்குளிர்.

தம்பி: விழித்திருக்கிறேன் மதினி. தண்ணீர்க்குடம் உடைந்ததா?

மதினி: இப்போதுதான்.

தம்பி: ஒரு மணி நேரம் பாருங்கள். முன்னங்கால் இரண்டும், அதன்மேல் மூக்கும் தெரிந்தால் பயம் இல்லை. ஒரு கால் மட்டும் வந்தாலோ, முக்கி முக்கி ஒன்றும் வராவிட்டாலோ இழுக்காதீர்கள். உடனே 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ். மருத்துவரையும் அண்ணன் கூப்பிடட்டும்.

மதினி: குளம்பு இரண்டும் தெரிகிறது. மூக்கும் தெரிகிறது.

நான்: அம்மா குளிரில் உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள் மதினி.

மதினி: சொன்னால் கேட்கிற ஆளா? கம்பளியைப் போர்த்திவிட்டேன். மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறார். மாடும் அவர் குரலுக்குத்தான் அடங்குகிறது.

அண்ணன்: கிடாரி! கிடாரிக் கன்று! நல்லபடியாகப் போட்டுவிட்டது.

தம்பி: மூக்கில் வாயில் இருக்கிற கோழையைத் துடையுங்கள். மாடு நக்கட்டும், தடுக்காதீர்கள். தொப்புள் கொடிக்கு டிஞ்சர் அயோடின் போடுங்கள். கன்று நனைந்தபடி குளிரில் கிடக்கக் கூடாது, சாக்கால் நன்றாகத் தேய்த்துக் காயவையுங்கள், கீழே காய்ந்த புல் நிறையப் போடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட வேண்டும். நோயைத் தாங்குகிற சக்தியே அதில்தான் வருகிறது. நஞ்சுக்கொடி பாதி நாளுக்குள் தானாக விழ வேண்டும். விழாவிட்டால் கையால் இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பாப்பா: 📷 நான்தான் சாக்கால் துடைத்தேன்! நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்கிறது. எழுந்து நிற்கப் பார்க்கிறது, விழுகிறது, மறுபடியும் எழுகிறது.

மதினி: குடித்துவிட்டது. நஞ்சுக்கொடியும் விடிந்ததும் விழுந்துவிட்டது. மாட்டுக்குக் கருப்பட்டி கரைத்த வெந்நீர் கொடுத்தாச்சு. அத்தை இப்போதுதான் படுத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அக்கா: சீம்பால் எனக்கு எடுத்து வையுங்கள். ஏலக்காய் போட்டு மதினி அவிக்கிற ருசி இங்கே எங்கும் கிடைக்காது.

மதினி: கன்று குடித்த மிச்சம்தான். நீ சீக்கிரம் வந்தால் கிடைக்கும்.

அக்கா: வருகிறேன். அண்ணே, காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும் இல்லையா? உள்ளூர் வண்டிக்குத்தானே விலக்கு?

அண்ணன்: ஆமாம், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு எல்லாம் கட்டாயம். ஆன்லைனில் பதிந்தால் உடனே வந்துவிடும். பஸ்ஸில் வந்தால் அது தேவையில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வராதே, சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். எவர்சில்வர் குடத்தில் கொண்டு வா.

நான்: இன்னொரு விஷயம், இதை எல்லாரும் மனதில் வையுங்கள். சிவராத்திரிக்கு இத்தனை பேர் வருகிறோம், வீட்டில் இடம் நெருக்கம். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துப் படுக்கவே கூடாது. கரிப்புகையில் இருக்கிற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலில் அப்படி இறந்தவர்கள் உண்டு. குளிர் தாங்காவிட்டால் இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம்.

பாப்பா: "நல்ல பேச்சு பேசினாய். கணப்பு திண்ணையில்தான். உள்ளே வேண்டாம்." அப்பத்தா எழுந்துவிட்டது, கன்றைப் பார்க்கப் போகிறது.

திங்கட்கிழமை

அண்ணன்: பூண்டு பறிக்க ஆரம்பித்தாச்சு. மண் லேசாக இருக்கிறது, முள் போட்டுத் தூக்கினால் குமிழ் அடிபடாமல் வருகிறது. வெயிலில் போடாமல் இலையோடு நிழலில் பரப்பியிருக்கிறோம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து விதைக்குத் தனியாகப் பொறுக்குகிறார். இறுக்கமான குமிழ், பெரிய பல், அடி வட்டு கெட்டி, இதில் ஒன்று குறைந்தாலும் சந்தைக் குவியலுக்குப் போகிறது.

பாப்பா: "விற்கிறதுக்கு நல்லதை எடுத்து விதைக்குச் சொத்தையை வைக்கிறவன் அடுத்த வருஷம் சொத்தையைத்தான் அறுப்பான்."

தம்பி: வெள்ளி சாயங்காலம் கொடைக்கானல் வந்துவிடுவேன் அண்ணே. பரண் மூங்கிலை மாற்ற வேண்டும் என்றாயே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். விதைப் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டதும் கீழே விறகடுப்புப் புகை தினமும் கொஞ்சம் படட்டும், பூச்சியும் பூஞ்சாணமும் அண்டாது.

அண்ணன்: குதிரைக்காரர் புதன்கிழமை வருகிறார். மேட்டுக்காட்டிலிருந்து ரோடு வரைக்கும் அவர் இறக்கிவிடுவார், அங்கிருந்து ஜீப். ராத்திரி காட்டுமாடு வேலிப் பக்கம் வந்து நின்றிருக்கிறது, சாணி கிடக்கிறது. பூண்டை அது தொடாது, கேரட்டுக்குத்தான் காவல் வேண்டும். தம்பி வந்தால் ஆளுக்கு ஒரு ராத்திரி பார்ப்போம்.

சித்தி தாண்டிக்குடி: பொங்கல் வைக்க வெண்கலப் பானை நான் கொண்டு வரவா, அங்கே இருக்கிறதா?

மதினி: இருக்கிறது சித்தி. புளி போட்டுத் துலக்கி வைத்தாச்சு. பச்சரிசியும் வெல்லமும் மட்டும் குறைகிறது.

நான்: பச்சரிசி, வெல்லம் நான் கொண்டு வருகிறேன். அண்ணே, சந்தைக்கு எத்தனை மூட்டை வரும் என்று புதன் காலையில் சொல்லிவிடு, லாரி வத்தலக்குண்டைத் தாண்டும்போதே உங்கள் மச்சான் வடுகபட்டிக்குக் கிளம்பிவிடுவார். வேறு என்ன வேண்டும்?

அண்ணன்: சணல் சாக்கு கொண்டு வா. பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், பூண்டு வியர்த்துவிடும்.

நான்: சரி.