வேலியோரம் பூத்திருக்கும் செடி: எங்கள் குடும்பக் குழுவில்

கவிதா: [படம்] குத்தகை நிலத்து வேலி முழுக்க இந்தப் பூதான். ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும். என்ன செடி இது? நாளைக்கு மாட்டை அங்கேதான் மேயக் கட்டப் போகிறோம்.

பிரபு: நர்சரியில் தொட்டியில் வைத்து விற்பார்களே அக்கா. பட்டாம்பூச்சி நிறைய வரும்.

சரசு அத்தை: பார்த்தீனியமா இருக்குமோ?

பெரியப்பா: அதற்குப் பூ வெள்ளையாகப் பொடிப்பொடியாக இருக்கும் சரசு. கவிதா, மாட்டைக் கட்டாதே. இலையைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. தண்டையும் பார்.

கவிதா: [படம்] தண்டு சதுரம், சின்னச் சின்ன முள். இலை ஜோடி ஜோடியாக, உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. கசக்கினால் குப்பென்று நெடி அடிக்கிறது. காய் பச்சைக் கொத்து, சிலது கறுத்திருக்கிறது.

பெரியப்பா: உண்ணிச்செடியேதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 200 வருஷத்துக்கு முன்னால் அழகுக்காகக் கொண்டுவந்தது. இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல்லை முளைக்கவிடாமல் அடைத்து நிற்கிறது. ஆடு, மாடு, எருமை எல்லாவற்றுக்கும் இலை விஷம். ஈரலைத்தான் தாக்கும்.

கவிதா: இங்கே மற்ற மாடுகள் பக்கத்திலேயே மேய்கிறதே பெரியப்பா?

பெரியப்பா: பழகிய மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. உன்னுடையது சந்தையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது. பசியும் இருந்தால் கடித்துவிடும்.

சரசு அத்தை: தின்றுவிட்டால் எப்படித் தெரியும் அண்ணா?

பெரியப்பா: தீனி எடுக்காது, அசை போடாது, சாணி இறுகும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும். வெயிலில் நிற்காமல் நிழலுக்கே ஓடும். வெள்ளைத் தோல் உள்ள இடம் வெந்து உரியும், மூக்கு புண்ணாகும். தின்பதை நிறுத்தினாலும் இரைப்பையில் கிடக்கிற இலையிலிருந்து விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. நிழலில் கட்டிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

கவிதா: சரி பெரியப்பா, கொட்டகையிலேயே கட்டிச் சோளத்தட்டு போடுகிறேன். வேலியை இன்றைக்கே வெட்டச் சொல்லட்டுமா?

பெரியப்பா: மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்கு மூன்று நான்கு விரல் கீழே வேரை வெட்டித் தூக்கி, தலைகீழாகப் போட்டுக் காயவிடு. அதற்கு முன்னால் பழக்கொத்தை எல்லாம் அறுத்துச் சாக்கில் கட்டிவிடு. கொண்டைக்குருவி தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும். வெட்டிய தழையை மாடு எட்டுகிற இடத்தில் போடாதே.

சரசு அத்தை: குட்டிப் பையன் காயைப் பறித்து வாயில் போட்டுவிடப் போகிறான், பார்த்துக்கொள் கவிதா.

பிரபு: ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வருகிறேன் அக்கா. முள்ளுக்குக் கையுறை வாங்கி வை.