சர்ஃபாக்டன்ட் சரக்குக்குக் கரைதிறன் அளந்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

தொடங்கியவர்:

ஐரோப்பாவின் ரசாயனப் பதிவுச் சட்டமான ரீச் சட்டப்படி, ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் ரசாயனத்துக்கு நீர்க் கரைதிறனைப் பதிவுக் கோப்பில் காட்டியாக வேண்டும். பாதுகாப்புத் தரவுகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) ஏற்பாட்டில் இந்தியா 2011-ல் முழுமையாகச் சேர்ந்துவிட்டது. அதனால் இங்கே ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) முறைப்படி அளந்த எண் அங்கேயும் செல்லும், இந்த வேலையும் நம் ஆய்வகங்களுக்கு நிறைய வருகிறது. பெரும்பாலான சரக்குக்கு இது தூக்கம் வரவழைக்கிற சோதனை. சோப்புக் குணம் உள்ளது, அதாவது சர்ஃபாக்டன்ட், வந்தால்தான் தூக்கம் கெடும்.

எனக்கு வந்தது ஒரு கொழுப்பு ஆல்கஹால் எதாக்ஸிலேட், அயனி ஆகாத வகைச் சர்ஃபாக்டன்ட். வெள்ளையாக, வெண்ணெய் பதத்தில் ஒரு பசை. ஓ.இ.சி.டி. 105-ஆம் எண் வழிகாட்டி இரண்டு வழி சொல்கிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே கரைவதற்குக் குழாயில் நிரப்பி நீரைச் செலுத்தும் 'காலம்' (column) முறை, அதற்கு மேலே ஃப்ளாஸ்க் முறை. ஃப்ளாஸ்க் முறையில் முதலில் தோராயமாக எவ்வளவு கரைகிறது என்று பார்த்து, அதைப் போல் ஐந்து மடங்கு சரக்கை மூன்று ஃப்ளாஸ்கில் போட வேண்டும். 30 டிகிரியில் குலுக்கி, ஒவ்வொரு நாள் இடைவெளியில் ஒன்றொன்றாக எடுத்து, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, தெளிந்த நீரில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். கடைசி இரண்டு எண்ணும் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் முடிந்தது.

இதில் தோராயக் கட்டத்தையே தாண்ட முடியவில்லை. போடப் போடக் கரைகிறது. தெளிவாகவே இருக்கிறது. அப்புறம் கொழகொழவென்று ஆகி, கடைசியில் குப்பியைக் கவிழ்த்தாலும் விழாத ஜெல்லாக நின்றுவிட்டது. அடியில் ஒரு துளி மிச்சம் இல்லை. தெவிட்டிய கரைசல் என்ற ஒன்றே வராதபோது எதற்கு ஐந்து மடங்கு? சரக்கு அனுப்பிய தரப்போ, "அப்படியானால் எந்த அளவிலும் நீரோடு கலக்கும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார்" என்கிறது.

எழுதினால் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணால் பயன் இல்லை. சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்கு நீரோடு ஒட்டும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. குறைந்த செறிவில் அவை தனித்தனியாக நீரில் இருக்கும். ஒரு அளவைத் தாண்டியதும், கூடுதலாகப் போடுவதெல்லாம் வால்களை உள்ளே மடக்கிக்கொண்டு மைசெல்லாகத் திரளும். அந்த எல்லைதான் சி.எம்.சி. மைசெல்லின் அளவு சில நானோமீட்டர்தான். 0.2 மைக்ரான் ஃபில்டரில் தங்காது, சாதாரண சென்ட்ரிஃபியூஜில் அடியில் இறங்காது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அளக்கும் கருவி தனி மூலக்கூறையும் மைசெல்லையும் சேர்த்தே எண்ணும். எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசில் சல்ஃபேட்) என்ற சர்ஃபாக்டன்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 100 கிராம் போட்டாலும் கண்ணாடி மாதிரி தெளிவு. 25 டிகிரியில் சி.எம்.சி. சுமார் 8.2 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிராம். தனியாகத் திரியும் மூலக்கூறு கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆகவே நான் பரப்பு இழுவிசைக்குப் போனேன். 20 டிகிரியில் சுத்தமான நீருக்கு மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். லிட்டருக்கு ஒரு கிராம் கரைசலில் இது 60-க்குக் கீழே இறங்கினால் சரக்கு பரப்பில் வேலை செய்கிறது என்று 115-ஆம் எண் வழிகாட்டியின்படி எடுத்துக்கொள்கிறோம். என்னுடையது 30-ஐ ஒட்டி நின்றது. பிறகு செறிவைப் படிப்படியாக ஏற்றி, மடக்கை அளவில் வரைந்தால், கோடு இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மடங்கிப் படுத்துவிடும். மடங்கும் இடம்தான் சி.எம்.சி. அதைத்தான் கரைதிறன் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கத்தோடு கொடுத்தேன். இப்போது சந்தேகமான சரக்கு எது வந்தாலும் பரப்பு இழுவிசைதான் முதலில். உங்களுக்கு எப்படி?

ஃபார்முலேஷன் பக்கம் இருப்பவர்:

ஜெல் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். ஷாம்பூவில் போடும் எஸ்.எல்.இ.எஸ். சர்ஃபாக்டன்டை 28 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் விற்கிறார்கள், நடுவில் உள்ளது ஏன் கிடைப்பதில்லை என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். 70 சதவீதப் பேஸ்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். பிளெண்டரே நின்றுவிடும். தண்ணீரில்தான் பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கரைதிறன் என்று ஒற்றை எண்ணை நாங்கள் யாரும் பேசியதே இல்லை.

டாஃப்னியா என்ற சிறு நீர்வாழ் உயிரியில் நச்சுச் சோதனை செய்பவர்:

அந்த எண் எங்கள் மேசைக்கு வந்து என்ன செய்யும் என்று சொல்கிறேன். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே கரைவதைப் பொதுவாகக் குறைவாகக் கரையும் பொருளாக வைக்கிறோம். அப்படிப்பட்ட பொருளுக்கு 48 மணி நேர டாஃப்னியா சோதனை போதாது, 21 நாள் சோதனையை யோசிக்க வேண்டும். ஏனென்றால் அவ்வளவு குறைவாகக் கரைவது உயிரிக்குள் ஏறிச் சேரவே நேரம் பிடிக்கும். குறுகிய சோதனையில் "பாதிப்பு இல்லை" என்று வருவதற்கு அர்த்தமே இல்லாமல் போகலாம். கலங்கலையும் மைசெல்லையும் சேர்த்து எண்ணி "500 மில்லிகிராம் கரைகிறது" என்று வந்தால் நீண்ட சோதனையைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள்.

எனக்கு நேர்ந்தது ஒரு குவாட்டர்னரி அம்மோனியம் சரக்கில். போட்ட செறிவு ஒன்று, தொட்டியில் அளந்த செறிவு அதில் பாதிகூட இல்லை. நேர்மின் தலை உள்ள மூலக்கூறு கண்ணாடிச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி நீரில் எதிர்மின் பரப்பு அல்லவா. ஃபில்டரில் வடிகட்டினால் அங்கேயும் கொஞ்சம் போய்விடும். பாத்திரத்தை முதலில் அதே கரைசலால் ஊறவைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்பினால் பரவாயில்லை. ஃபில்டரில் முதலில் வரும் சில மில்லியைத் தூக்கிப்போடுங்கள். இந்த வகைக்குக் கரைதிறன் குறைவாக வந்தால் முதலில் சுவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பதிவுக் கோப்பு எழுதுபவர்:

தொடங்கியவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரே ஒரு இடத்தில் மறுக்கிறேன். சி.எம்.சி.யை எல்லா சர்ஃபாக்டன்டுக்கும் போட்டுவிட முடியாது. முதலில் கிராஃப்ட் வெப்பநிலையை, அதாவது எந்த வெப்பநிலைக்கு மேல் மைசெல் உருவாகும் என்பதை, கேளுங்கள். அயனி வகைச் சரக்கு அந்த வெப்பநிலைக்குக் கீழே இருந்தால் மைசெல் உருவாவதற்கு முன்பே கரைசல் தெவிட்டிப் படிகம் பிரிந்துவிடும். மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் 10 சதவீத எஸ்.டி.எஸ். கரைசல் ஏ.சி. குளிரில் வெள்ளையாகத் திரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான். கொஞ்சம் சூடாக்கினால் மறுபடி தெளியும்.

நான் கோப்புகளில் அடிக்கடி எடுத்துக் காட்டுவது பி.எஃப்.ஓ.எஸ். என்ற ஃப்ளூரின் ஏறிய சர்ஃபாக்டன்டின் பொட்டாசியம் உப்பை. 2009-ல், மக்காமல் நிலைத்து நிற்கும் மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்ந்த பொருள். அதன் கிராஃப்ட் வெப்பநிலை அறை வெப்பத்தைவிட மிக மிக அதிகம். அதனால் ஃப்ளாஸ்க் முறையில் வந்த எண் உண்மையான கரைதிறனே. சுத்தமான நீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 519 மில்லிகிராம். அதையே இயற்கைக் கடல்நீரில் போட்டால் 12.4 மில்லிகிராம்! உப்பு அப்படி இறக்கிவிடுகிறது. "நீரில்" என்று மட்டும் எழுதினால் எந்த நீர் என்று கேட்பது என் வழக்கம். இதற்கு ஆக்டனால்-நீர் பங்கீட்டையும் (எண்ணெய்த் தன்மையுள்ள ஆக்டனாலுக்கும் நீருக்கும் இடையே பொருள் எப்படிப் பிரிகிறது என்பதையும்) அளக்க முடியவில்லை. குலுக்கியதும் இரண்டு அடுக்குக்குப் பதில் மூன்று அடுக்காகப் பிரிந்தது.

பங்கீட்டுக் கெழு அளக்க முடியாத சரக்குக்கு ஆக்டனாலில் உள்ள கரைதிறனைச் சி.எம்.சி.யால் வகுத்து எடுக்கச் சொல்வது வழக்கம். கீழே இருக்கும் எண் மைசெல்லால் ஊதிப்போயிருந்தால் விடை அந்த அளவுக்குச் சுருங்கும், பொருள் உயிரினங்களில் சேராது என்று கோப்பு சொல்லும். நீரிலிருந்து காற்றுக்கு எவ்வளவு போகும் என்று காட்டும் ஹென்றி மாறிலியும் அப்படித்தான்: ஆவியழுத்தம் பெருக்கல் மூலக்கூறு எடை வகுத்தல் கரைதிறன். ஒரு எண் தப்பினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாம் தப்பும்.

தொடங்கியவர்:

கிராஃப்ட் விஷயம் நியாயம்தான். எதாக்ஸிலேட்டுக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. அங்கே தலைவலி வேறு: சூடாக்கினால் ஒரு வெப்பநிலையில் கலங்கிப் பிரிந்துவிடும். இன்னொன்று, வணிகச் சரக்கு ஒரே மூலக்கூறு அல்ல. நீண்ட வாலும் குட்டை வாலும், எத்திலீன் ஆக்சைடு ஏறியதும் ஏறாததும் எல்லாம் கலந்தது. அதிகம் போட்டால் கரையாத ஆல்கஹாலைக்கூட மற்றவை மைசெல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். எனவே ஒரே அளவோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று அளவில் போட்டுப் பார்க்கிறேன். நீரில் உள்ள செறிவு போட்ட அளவோடு கூடவே ஏறினால், அளப்பது கரைதிறன் அல்ல என்று அதிலேயே தெரிந்துவிடும். சி.எம்.சி. கோடு மடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தாலும் கவனியுங்கள், பொதுவாக அசுத்தம். எஸ்.டி.எஸ்.ஸில் மிச்சமிருக்கும் டோடெக்கனால் இதைத்தான் செய்யும்.

இன்னொருவர்:

இரட்டை வால் குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) யாராவது அளந்திருக்கிறீர்களா? துணி மென்மையாக்கியில் முன்பு போட்டுவந்த வகை. மெதுவாகத்தான் மக்கும் என்பதால் ஐரோப்பாவில் 1990-களின் தொடக்கத்தில் எளிதில் மக்கும் எஸ்டர்குவாட்டுக்கு மாறினார்கள். என்னிடம் அந்தப் பழைய வகையே வந்தது. மைசெல் ஆவதில்லை, நீரில் நீலம் பாய்ந்த மாதிரி வெசிக்கிளாக (இரட்டைப் படலம் சூழ்ந்த நுண்குமிழாக) நிற்கிறது. அல்ட்ராசோனிக் குளியலில் வைத்தால் ஒரு எண், மெதுவாகக் கிளறினால் வேறு எண். பரப்பு இழுவிசை இரவு முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தது, மடங்குமிடம் கிடைக்கவில்லை. கடைசியில் குலுக்காமல், சுழல் விழாத அளவுக்கு மெதுவாகக் கிளறி, பாத்திரத்தின் அடியில் உள்ள குழாய் வழியே எடுத்து அளந்தேன். "சிதறல், மெய்க் கரைதிறன் இதைவிடக் குறைவு" என்று எழுதி, எப்படிக் கிளறினேன் என்பதையும் வேகத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் கண்ணாடியில் ஒட்டியதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார். பாத்திரத்தை மெத்தனாலால் கழுவி அளந்த எண்ணை அடுத்த வாரம் அனுப்பப் போகிறேன்.