பைப்ராய்டு கட்டி கேன்சரா மாறுமா? அம்மாவுக்கு சதை டெஸ்ட் எழுதியிருக்காங்க

ஏலக்காத்து:
எங்க ஊரு கம்பம். அம்மாவுக்கு 54 வயசு, விடியக்காலம் ஜீப்புல ஏறி கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு காயெடுக்க போறவங்க. சுகர் இருக்கு, கொஞ்சம் கனத்த உடம்பு. பல வருசம் முன்னாடியே கர்ப்பப்பையில பைப்ராய்டுன்னு சொல்லி, தீட்டு நின்னா தானா சுருங்கிரும்னு விட்டுட்டாங்க. தீட்டும் நின்னு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப திரும்ப ரத்தம் படுது, யார்கிட்டயும் சொல்லாம தோட்டத்துலயே துணிய மாத்திக்கிட்டு இருந்திருக்காங்க, துவைக்கிறப்ப பாத்துட்டுதான் நான் கேட்டேன். ஸ்கேன்ல கட்டி 4 சென்டிமீட்டர், கர்ப்பப்பை உள்சவ்வு தடிமன் 11 மில்லிமீட்டர். டாக்டரம்மா சதை டெஸ்ட் எடுக்கணும்ங்கிறாங்க. கூட வேலை பாக்குற அக்கா கட்டிதான் முத்தி கேன்சர் ஆயிருக்கும்ங்குது, பெரியம்மாவோ கட்டின்னா ரத்தம் படத்தான் செய்யும், கத்தி வச்சா பரவிரும்ங்கிறாங்க. எது நெசம்?

குமுளி சேச்சி (ரிட்டயர்டு நர்ஸ்):
ரெண்டுமே தப்பு தங்கச்சி. பைப்ராய்டு கர்ப்பப்பையோட தசையில வர்றது, நீ பயப்படுற கேன்சர் உள்சவ்வுல வர்றது, சுவரு வேற உள்பூச்சு வேற மாதிரி. கட்டி முத்தி அந்த கேன்சரா ஆகாது. தசையிலயே வர்ற சார்கோமான்னு ஒரு கேன்சர் இருக்கு, அது ரொம்ப அபூர்வம், அதுவும் பழைய கட்டி மாறி வர்றதில்ல, பெரும்பாலும் தனியாவே வர்றது.

ஆனா பெரியம்மா பேச்ச மட்டும் கேட்டுறாத. தீட்டு நின்னா ஹார்மோன் குறைஞ்சு கட்டி சுருங்கும், அதனால நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் கட்டி மேல பழிய போட்டுட்டு சும்மா இருக்கக்கூடாது. இந்த வயசுல ரத்தம் படுறவங்களுக்கு உள்சவ்வு 4 மில்லிமீட்டர் வரைக்கும்னா ஓரளவு நிம்மதி, 11ன்னா சதை பாத்தே ஆகணும். அதுக்காக கேன்சர்னு முடிவு கட்டாத, இப்படி ரத்தம் பட்டு வர்றவங்கள்ல சுமாரா பத்துல ஒருத்தருக்குத்தான் கேன்சர், மத்ததெல்லாம் பாலிப் (சவ்வுல வளர்ற சின்ன சதை), சவ்வு மெலிஞ்சு போறது இப்படித்தான் இருக்கும்.

பாறசாலைக்காரன்:
எங்க சின்னம்மைக்கும் கட்டி கட்டின்னே மாத்திரை குடுத்து ரொம்ப நாள் ஓட்டிட்டாங்க, கடைசியில திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரியில போய்தான் சவ்வுல கேன்சர்னு தெரிஞ்சது, நல்லவேளை முதல் ஸ்டேஜ், கர்ப்பப்பைய எடுத்துட்டு இப்ப நல்லா இருக்காங்க. ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், ஏன்னா ரெண்டுக்கும் ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் தீனி போடுது, உடம்புல கொழுப்பு கூடுனா அதுல இருந்தும் ஈஸ்ட்ரோஜன் வரும். சுகரும் சவ்வு கேன்சருக்கு ஒரு ரிஸ்க். அம்மா கணக்க பாத்தா தள்ளிப்போடாதீங்க.

செங்கோட்டை ராணி:
போன வருசம் கேம்புல எங்களுக்கெல்லாம் பாப் ஸ்மியர் எடுத்து நார்மல்னாங்க, அம்மாவும் எடுத்திருந்தா அது போதாதா? அப்புறம் கத்தி வச்சா பரவும்னு எங்க பக்கமும் சொல்றாங்களே

குமுளி சேச்சி:
பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கு, உள்சவ்வுக்கு அத நம்ப முடியாது. பரவுற பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கு, லேப்ராஸ்கோப்பியில கட்டிய மிஷின் வச்சு பொடியாக்கி எடுப்பாங்க, அதுல தெரியாம சார்கோமா இருந்தா வயித்துக்குள்ள சிதறிரும்னு 2014ல அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சுது. சதை டெஸ்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்ட்ரா மாதிரி மெல்லிசு குழாய உள்ள விட்டு கொஞ்சம் உறிஞ்சி எடுப்பாங்க, மயக்கம்கூட பெரும்பாலும் வேணாம், தீட்டு வலி மாதிரி சுண்டி இழுக்கும், சீக்கிரம் முடிஞ்சிரும். ஒண்ணு மட்டும் டாக்டர்கிட்ட கேளு தங்கச்சி, கட்டி உள்பக்கமா துருத்திக்கிட்டு இருந்தா குழாய் சரியான இடத்த தொடாம போகலாம், அப்ப ஹிஸ்டெரோஸ்கோப்பி பண்ணி, அதாவது கர்ப்பப்பைக்குள்ள கேமரா குழாய விட்டு, நேர்ல பாத்து எடுக்கிறது நல்லது.

ஏலக்காத்து:
நன்றி சேச்சி. க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு திங்கக்கிழமை கூட்டிட்டு போறேன், காப்பீட்டு கார்டும் எடுத்து வச்சிட்டேன். அம்மா ஒருநாள் கூலி போகுதேன்னு முனகுறாங்க 😄 ரிப்போர்ட்டுல ஹைப்பர்பிளாசியான்னு வந்தா என்ன அர்த்தம்?

குமுளி சேச்சி:
சவ்வு அளவுக்கு மீறி வளந்திருக்குன்னு அர்த்தம். பக்கத்துல ஏட்டிபியான்னு, அதாவது செல்லோட உருவம் மாறியிருக்குன்னு, போட்டிருக்கான்னு பாரு. இல்லைன்னா புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற மிரெனாங்கிற ஹார்மோன் சாதனமோ குடுத்து, மறுபடி சதை எடுத்து பாப்பாங்க. இருந்தா கேன்சருக்கு ஒரு படி முன்ன, அம்மா வயசுக்கு கர்ப்பப்பைய எடுக்கத்தான் சொல்லுவாங்க. ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடு.