ஏ.ஓ.-7 செய்மதியின் ஒலி நடுவில் நின்றுபோவது ஏன்?

கேள்வி (மஸ்கெலியா)

வணக்கம். உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். தொப்ளர் விளைவை (நெருங்கி வருவதன் மீடிறன் கூடியும், விலகிப் போவதன் மீடிறன் குறைந்தும் தெரிவதை) புகைவண்டியின் ஊதல் என்ற பழைய உதாரணத்தோடு நிறுத்தாமல் நிகழும்போதே காட்ட வேண்டுமென்று, 1974 இல் ஏவப்பட்ட ஏ.ஓ.-7 என்ற அமெச்சூர் வானொலிச் செய்மதியைப் பின்தொடர்ந்து வருகிறேன். என்னிடம் இருப்பவை ஓர் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டொங்கிள் (கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கி), இரும்பு அளவுநாடாவை வெட்டி பி.வி.சி. குழாயில் பொருத்திய யாகி அன்டெனா (ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் வகை), செய்மதி வரும் நேரத்தைக் கணிக்கும் ஜிபிரெடிக்ட் மென்பொருள் நிறுவிய ஒரு பழைய மடிக்கணினி ஆகியவை மட்டுமே.

ஜூன் மாதத்து இரவொன்றில், செய்மதி வடக்கே 9.09 க்கு எழுந்து, 9.20 க்கு மேற்கே 48 பாகை உயரத்தை அடைந்து, 9.31 க்குத் தெற்கே மறையும் என்று மென்பொருள் கணித்திருந்தது. ஆனால் 145.97 மெகாஹேர்ட்ஸ் அருகே பீக்கனின் (செய்மதி தானாகவே அனுப்பும் அடையாளச் சமிக்ஞையின்) மோர்ஸ் ஒலி 9.13 க்குத்தான் கேட்கத் தொடங்கியது; 9.25 க்கு, மிகத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதே, கத்தரித்தாற்போல் நின்றுவிட்டது. நான் பயன்படுத்திய டி.எல்.இ. தரவு (செய்மதியின் சுற்றுப்பாதையை விவரிக்கும் எண்கள்) இரண்டு மாதம் பழையது. வீட்டுக்குப் பின்னால் வடக்கே தேயிலைச் சரிவு இருக்கிறது. பிழை தரவிலா, மலையிலா, அன்டெனாவிலா?

பதில் 1 (நுவரெலியா)

முதலில் டி.எல்.இ. தரவைப் புதுப்பியுங்கள், இரண்டு மாதம் என்பது மிக நீண்ட காலம். எஞ்சியது மலையின் வேலை. நம் பகுதியில் கிடைவானம் என்பது பாடப்புத்தகத்தில் மட்டுமே இருக்கும் பொருள்.

பதில் 2 (பண்டாரவளை)

தரவைப் புதுப்பிப்பதில் தவறில்லை, ஆனால் அதுதான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். விண்வெளி நிலையத்திலிருந்து 2019 இல் விடப்பட்ட இலங்கையின் ராவணா-1 செய்மதி சுற்றியதைப் போல 400 கி.மீ. அளவில் சுற்றுபவற்றை வளிமண்டலம் இழுத்துக்கொண்டே இருப்பதால், அவற்றின் தரவு சில நாட்களிலேயே பழுதாகிவிடும். ஏ.ஓ.-7 சுற்றுவதோ ஏறத்தாழ 1,450 கி.மீ. உயரத்தில், அங்கே இழுவை மிகவும் குறைவு என்பதால், இரண்டு மாதத்தில் சேரும் பிழை செக்கன்களில்தான் இருக்கும், நிமிடங்களில் அல்ல.

மலையின் பங்கைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மலை மறைத்தால் கேட்கத் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் மாறுமே தவிர, செய்மதி உங்களுக்கு மிக அருகில் வரும் நேரம் மாறாது. செய்மதி நெருங்கும்போது பீக்கனின் மீடிறன் ஏறத்தாழ 2.8 கிலோஹேர்ட்ஸ் வரை கூடுதலாகவும், விலகும்போது அதே அளவு குறைவாகவும் தெரியும். மிக அருகில் வரும் கணத்தில்தான் அது மிக வேகமாகச் சரியும். உங்கள் பதிவில் மீடிறனைக் காட்டும் கோடு எந்த நேரத்தில் மிகச் செங்குத்தாக இறங்குகிறது என்று பாருங்கள். அது 9.20 ஆக இல்லாவிட்டால், முதலில் மடிக்கணினியின் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள்.

திடீரென்று நின்றதற்குக் காரணம் வேறு. இந்தச் செய்மதியின் பற்றரி 1981 இல் குறுஞ்சுற்றாகி, அதோடு செய்மதியும் மௌனமாகிவிட்டது. 2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் ஒருவர் அதன் மோர்ஸ் ஒலியை மறுபடி கேட்டார். குறுஞ்சுற்றாகியிருந்த பற்றரி காலப்போக்கில் திறந்த சுற்றாக மாறியதால், சூரியக் கலங்களின் மின்சாரம் நேரே கருவிகளுக்குப் போகத் தொடங்கியிருந்தது. ஆகவே இன்று அது வெயிலில் மட்டுமே உயிரோடு இருக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைந்த அக்கணமே அணைந்துவிடும். ஜூனில் சூரியன் வடக்கே இருப்பதால், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வடக்கிலிருந்து தெற்கே போகும் செய்மதி பாதி வழியில் நிழலுக்குள் புகுவது இயல்பே. மலைக்குப் பின்னால் போயிருந்தால் ஒலி தேய்ந்து இரைச்சலில் கரைந்திருக்கும், கத்தரித்தாற்போல் நின்றிராது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பதிவை மறுபடி திறந்து பார்த்தேன். கோடு மிக வேகமாகச் சரிவது 9.21 உம் 20 செக்கனும் ஆகும்போது. கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டபோது, மடிக்கணினியின் கடிகாரம் ஒரு நிமிடமும் 20 செக்கனும் முந்தி ஓடுவதும் தெரிந்தது. அதை நான் இணையத்தோடு இணைத்தே பல மாதங்களாகிவிட்டன. இவ்வளவு நாளும் அன்டெனாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒலி நின்ற நேரத்தில் செய்மதி தென்மேற்கே ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவ்வளவு உயரத்துக்கு மறைக்கும் மலை எதுவும் இல்லை. மேற்கே தெரியும் சிவனொளிபாதமலையின் உச்சிகூட என் முற்றத்திலிருந்து 10 பாகையைத் தொடாது.

பதில் 2 (பண்டாரவளை)

அப்படியானால் நிழல்தான். கடிகாரப் பிழையைக் கழித்தால் ஒலி தொடங்கிய உண்மையான நேரம் 9.11 உம் 40 செக்கனும் ஆகும். அப்போது செய்மதி வடக்கே ஏறத்தாழ 9 பாகை உயரத்துக்கு வந்திருக்கும். உங்கள் தேயிலைச் சரிவு மறைப்பது அந்த 9 பாகையைத்தான். அதை மென்பொருளில் குறித்துக்கொண்டால் அடுத்த முறை காத்திருப்பு குறையும்.

இன்னுமொன்று. நிழலிலிருந்து வெளியே வந்து விழிக்கும்போது, இது எந்த இயக்க நிலையில், அதாவது எந்த மீடிறனில், தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 145.97 இல் ஒன்றும் கேட்காவிட்டால் 29.5 மெகாஹேர்ட்ஸிலும் தேடிப் பாருங்கள். அந்த மீடிறனுக்கு அளவுநாடா யாகி பயன்படாது. இரண்டரை மீற்றர்க் கம்பிகள் இரண்டை எடுத்து, துணிக்கொடி போல் இரு பக்கமும் இழுத்துக் கட்டி, நடுவில் இணைப்புக் கம்பியைப் பொருத்தினால் போதும். கேட்பதோடு நில்லுங்கள், செய்மதியூடாகப் பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

கம்பி இருக்கிறது. மழை விட்டதும் கட்டிவிடுகிறேன்.